முதல் இந்திய கர்தினால் வலேரியன் கிரேசியஸ்: ஒரு பேராயரின் வாழ்வும் பணியும்

தெற்கு மும்பையின் கொலாபா பகுதியில் உள்ள புனித நாமப் பேராலயத்துக்குச் செல்வோர் அங்கு இரண்டு நினைவுப் பொருள்களைப் பற்றிக் கேள்விப்படுவர். ஒன்று, போப் ஆறாம் பால் 1964-ஆம் ஆண்டு இந்தியாவுக்கு வந்தபோது அளித்த மணி. மற்றொன்று, போப் 12-ஆம் பயஸ் 1953-ஆம் ஆண்டு இந்தியர் ஒருவருக்கு முதன்முறையாக வழங்கிய கர்தினாலின் சிவப்புத் தொப்பி. இவ்விரண்டையும் இணைப்பவர் பம்பாய் பேராயராக ஏறத்தாழ 28 ஆண்டுகள் பணியாற்றிய கர்தினால் வலேரியன் கிரேசியஸ்.

கத்தோலிக்கத் திருச்சபை என்றால் வெளிநாட்டு நிறுவனம், ஆயர் என்றால் ஐரோப்பியர் என்ற எண்ணம் பரவலாக இருந்த காலத்தில் பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். நாடு விடுதலை பெற்ற முதல் கால் நூற்றாண்டில், இந்தியக் குடிமகனாகவும் ரோமாபுரிக்குக் கட்டுப்பட்ட திருச்சபையின் தலைவராகவும் ஒருவர் ஒரே நேரத்தில் இருக்க முடியுமா என்ற கேள்வி பலமுறை எழுந்தது. அவரது வாழ்க்கை அக்கேள்விக்கு விடையாக அமைந்தது.

கராச்சியில் பிறப்பு

வலேரியன் கிரேசியஸ் 1900-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி கராச்சி நகரில் பிறந்தார். பெற்றோர் கோவாவைச் சேர்ந்தவர்கள். பிழைப்புக்காகக் கோவாவிலிருந்து பம்பாய்க்கும் கராச்சிக்கும் குடிபெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அக்காலத்தில் ஏராளம். சிந்து அப்போது பம்பாய் மாகாணத்தின் ஒரு பகுதியாக இருந்தது.

கராச்சியில் புகழ்பெற்ற புனித பேட்ரிக் உயர்நிலைப் பள்ளியில் அவர் பயின்றார். பிற்காலத்தில் இந்தியாவின் துணைப் பிரதமராக உயர்ந்த லால் கிருஷ்ண அத்வானியும் அதே பள்ளியின் மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது.

குருவாகும் விருப்பத்தால் மங்களூரில் உள்ள புனித சூசையப்பர் குருமடத்தில் சேர்ந்த அவர், பின்னர் இலங்கையின் கண்டி நகரில் இருந்த பாப்பிறைக் குருமடத்துக்கு அனுப்பப்பட்டார். இந்திய மண்ணின் மைந்தர்களையே குருக்களாக உருவாக்க வேண்டும் என்ற நோக்குடன் போப் 13-ஆம் லியோ 1893-ஆம் ஆண்டு நிறுவிய கல்விக்கூடம் அது. அந்நோக்கம் ஈடேறியதற்குக் கிரேசியஸ் ஒரு சிறந்த எடுத்துக்காட்டு. இந்தியாவும் இலங்கையும் தனித்தனி நாடுகளாக விடுதலை பெற்ற பின்னர், 1955-ஆம் ஆண்டு அக்குருமடம் புணே நகருக்கு மாற்றப்பட்டது. அப்போது இந்திய ஆயர் பேரவையின் தலைவராக இருந்தவர் அங்கு பயின்ற இதே கிரேசியஸ்தான்.

1926-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் தேதி அவர் குருப்பட்டம் பெற்றார். சிறிது காலம் பாந்த்ராவில் பங்குப் பணியாற்றிய பின், ரோம் நகரின் கிரிகோரியன் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றுத் திரும்பினார்.

இரட்டை ஆட்சியின் சுமை

அவர் திரும்பிவந்த பம்பாய்த் திருச்சபை நெடுங்காலச் சிக்கல் ஒன்றிலிருந்து அப்போதுதான் விடுபட்டுக் கொண்டிருந்தது. கீழை நாடுகளில் திருச்சபையைப் பேணும் உரிமையையும் ஆயர்களை முன்மொழியும் உரிமையையும் போர்ச்சுக்கல் மன்னருக்குப் போப்பாண்டவர்கள் முன்னரே வழங்கியிருந்தனர். பத்ரோவாதோ எனப்படும் இவ்வுரிமையைப் போர்ச்சுக்கல் விட்டுக்கொடுக்க மறுத்தது. மறுபுறம், ரோம் நேரடியாக அனுப்பிய ஆயர்களும் அதே நகரில் நிர்வாகம் நடத்தினர். இதனால் ஒரே ஊரில் அடுத்தடுத்த தெருக்களில் இருந்த ஆலயங்கள் வெவ்வேறு ஆயர்களுக்குக் கட்டுப்பட்டிருந்தன. பூசல்களுக்கும் வழக்குகளுக்கும் குறைவில்லை.

1928-ஆம் ஆண்டு போர்ச்சுக்கலுக்கும் வாடிகனுக்கும் இடையே ஏற்பட்ட உடன்பாடு பம்பாயில் இந்த இரட்டை ஆட்சிக்கு முடிவு கட்டியது. ஆனால் அது வேறொரு விந்தையான ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. பம்பாய் பேராயர் பதவிக்குப் போர்ச்சுக்கீசியர் ஒருவரும் ஆங்கிலேயர் ஒருவரும் மாறி மாறி நியமிக்கப்படுவர் என்பதே அது. அந்நகரின் கத்தோலிக்கர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர். எனினும் அவர்களில் ஒருவர் அப்பதவிக்கு வர உடன்பாட்டில் வழி இல்லை.

இவ்வேற்பாட்டின்படி முதலில் வந்த போர்ச்சுக்கீசியப் பேராயர் ஜோவாகிம் லிமாவின் தனிச் செயலராகக் கிரேசியஸ் பணியாற்றினார். மறைமாவட்டச் செயலகப் பொறுப்பும் அவருக்கு வழங்கப்பட்டது. கத்தோலிக்க வார இதழான எக்ஸாமினர் பத்திரிகையின் ஆசிரியப் பொறுப்பும் அவரைத் தேடி வந்தது. நிர்வாகமும் எழுத்தும் கைவந்த அவர், மேடைப் பேச்சாலும் மறையுரைகளாலும் நகர மக்களிடையே அறிமுகமானார். 1941-ஆம் ஆண்டு டிசம்பரில் புனித நாம ஆலயத்தின் அதிபராக நியமிக்கப்பட்டார். அப்பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர் அவரே.

பதவியை விட்டுக்கொடுத்த ஆங்கிலேயர்

லிமாவுக்குப் பின் 1937-ஆம் ஆண்டு பேராயரானவர் இயேசு சபையைச் சேர்ந்த ஆங்கிலேயரான தாமஸ் ராபர்ட்ஸ். நாடு விடுதலையை நோக்கி விரைந்து கொண்டிருந்த காலம் அது. விடுதலை பெறும் நாட்டில் திருச்சபையின் தலைமை அந்நியரிடம் இருப்பது தகாது என்பதை அவர் உணர்ந்தார். எனினும் உடன்பாட்டின்படி அவருக்கு அடுத்து வர வேண்டியவர் ஒரு போர்ச்சுக்கீசியர். ராபர்ட்ஸ் உடனடியாகப் பதவி விலகினால் பேராயர் இருக்கை மீண்டும் லிஸ்பனின் விருப்பத்துக்கே சென்றுவிடும்.

எனவே அவர் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தார். தமக்கு ஓர் இந்தியத் துணை ஆயர் வேண்டும் என ரோமிடம் கோரினார். 1946-ஆம் ஆண்டு மே மாதம் கிரேசியஸ் துணை ஆயராக நியமிக்கப்பட்டார். அதே ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி ராபர்ட்ஸே அவருக்கு ஆயர் திருநிலைப்பாடு அளித்தார். பின்னர் நிர்வாகத்தை முழுவதுமாக அவரிடம் ஒப்படைத்துவிட்டு இந்தியாவை விட்டுப் புறப்பட்டார். பெயரளவில் பேராயர் பதவி ராபர்ட்ஸிடம் இருந்தது. மறைமாவட்டத்தை நடத்தியவரோ இந்தியரான கிரேசியஸ்.

நான்கு ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. இடையில் நாடு விடுதலை பெற்றது. 1948-ஆம் ஆண்டு இந்தியாவுக்கும் வாடிகனுக்கும் இடையே தூதரக உறவு ஏற்பட்டது. விடுதலை பெற்ற இந்தியாவில் பேராயர் நியமனத்துக்கு மூன்றாவது நாடொன்றின் ஒப்புதல் தேவை என்ற ஏற்பாட்டை நேரு அரசால் ஏற்க இயலவில்லை. 1950-ஆம் ஆண்டு ஜூலையில் போர்ச்சுக்கலுக்கும் வாடிகனுக்கும் இடையே புதிய உடன்பாடு கையெழுத்தானது. இந்தியப் பகுதியில் இருந்த மறைமாவட்டங்கள் மீதான தனது உரிமையைப் போர்ச்சுக்கல் கைவிட்டது. ராபர்ட்ஸ் முறைப்படி விலகினார். 1950-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் தேதி வலேரியன் கிரேசியஸ் பம்பாயின் முதல் இந்தியப் பேராயரானார்.

இலத்தீன் வழிபாட்டு முறையில் நவீன காலத்தின் முதல் இந்திய ஆயராகத் தூத்துக்குடியில் திபூர்சியுஸ் ரோச் 1923-ஆம் ஆண்டிலேயே பொறுப்பேற்றிருந்தார். ஆனால் நாட்டின் மிகப் பெரிய வணிக நகரின் பேராயர் பதவி இந்தியரிடம் வந்ததற்குத் தனி முக்கியத்துவம் இருந்தது.

சிவப்புத் தொப்பி

இரண்டே ஆண்டுகளில் மேலும் பெரிய அறிவிப்பு ரோமிலிருந்து வந்தது. 1953-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி போப் 12-ஆம் பயஸ் 24 பேரைக் கர்தினால்களாக உயர்த்தினார். அவர்களுள் கிரேசியஸும் ஒருவர். அதே பட்டியலில் ஆஞ்சலோ ரொன்காலியின் பெயரும் இருந்தது. அவரே 5 ஆண்டுகளுக்குப் பின் போப் 23-ஆம் ஜான் ஆனார். 1958-ஆம் ஆண்டு நடந்த அத்தேர்தலிலும், ஆறாம் பால் தேர்ந்தெடுக்கப்பட்ட 1963-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் கிரேசியஸ் பங்கேற்றார். கேரளத்தின் எர்ணாகுளம் பேராயர் ஜோசப் பாரேக்காட்டில் 1969-ஆம் ஆண்டு கர்தினாலாகும் வரை 16 ஆண்டுகள் இந்தியாவின் ஒரே கர்தினாலாக அவர் விளங்கினார்.

1944-ஆம் ஆண்டு சென்னையில் தோற்றுவிக்கப்பட்ட இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவைக்கு 1954 முதல் 1972 வரை அவரே தலைவர். அந்த 18 ஆண்டுகளும் எளிதானவையாக இல்லை.

கோவா கேள்வி

முதல் சோதனை அவரது பூர்வீக மண்ணிலிருந்தே வந்தது. ஆங்கிலேயர் வெளியேறிய பின்னும் போர்ச்சுக்கல் கோவாவை விட்டு அகல மறுத்தது. கோவா ஒரு கிறிஸ்தவ நிலம் என்றும், அது இந்தியாவுடன் இணைந்தால் அங்குள்ள கத்தோலிக்கர்களின் சமயத்துக்கு ஊறு நேரும் என்றும் லிஸ்பன் உலக அரங்கில் வாதிட்டது. கோவா வம்சாவளியினரான ஒருவர் இந்தியக் குடிமகனாகப் பம்பாயில் கர்தினாலாக வீற்றிருந்தது அந்த வாதத்தை வலுவிழக்கச் செய்தது.

1955-ஆம் ஆண்டு ஜூலையில் ரோம் சென்ற பிரதமர் நேரு, போப் 12-ஆம் பயஸைச் சந்தித்தார். கோவா என்பது அரசியல் பிரச்சினையே அன்றிச் சமயப் பிரச்சினை அன்று என்பதைப் போப் ஏற்றுக்கொண்டதாகச் சந்திப்புக்குப் பின் நேரு தெரிவித்தார். 1961-ஆம் ஆண்டு டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவை விடுவித்தது.

மத்தியப் பிரதேசம் முதல் கேரளம் வரை

இரண்டாவது சோதனை மத்திய இந்தியாவில் எழுந்தது. கிறிஸ்தவ மறைபரப்புப் பணிகளை ஆராய மத்தியப் பிரதேச அரசு 1954-ஆம் ஆண்டு நியோகி தலைமையில் குழு அமைத்தது. மதமாற்றத்தை நோக்கமாகக் கொண்டு வரும் வெளிநாட்டு மறைபரப்பாளர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என 1956-ஆம் ஆண்டு வெளியான அதன் அறிக்கை பரிந்துரைத்தது. பள்ளிகளும் மருத்துவமனைகளும் மதமாற்றத்துக்குக் கருவிகளாகின்றனவா என்ற விவாதம் நாடு முழுவதும் பரவியது. அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு உறுதியளிக்கும் சமய உரிமையின் எல்லை எது என்பதே விவாதத்தின் மையம். 1967-ஆம் ஆண்டு ஒரிசாவும் 1968-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசமும் மதமாற்றத்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்களை இயற்றின. அச்சட்டங்கள் செல்லும் என 1977-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவை அனைத்தும் கிரேசியஸின் வாழ்நாளிலேயே நிகழ்ந்தன.

மூன்றாவது சோதனை கேரளம். 1957-ஆம் ஆண்டு ஆட்சிக்கு வந்த இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையிலான கம்யூனிஸ்ட் அரசு கல்வி மசோதாவைக் கொண்டுவந்தது. தனியார் பள்ளிகளில் ஆசிரியர் நியமனத்தை ஒழுங்குபடுத்த அது முனைந்தது. ஏராளமான பள்ளிகளை நடத்திய கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். சிறுபான்மையினர் கல்வி நிறுவனங்களுக்கு 30-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பை 1958-ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்து கருத்துரைத்தது. சிறுபான்மையினர் கல்வி உரிமை குறித்து பின்னர் எழுந்த வழக்குகள் பலவற்றிலும் அக்கருத்துரை எடுத்தாளப்பட்டது. திருச்சபையும் நாயர் சேவைச் சங்கமும் முன்னின்ற போராட்டத்தின் முடிவில், 1959-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி அந்த அரசு கலைக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை மத்திய அரசு நீக்கியது சரியா என்ற விவாதத்தில் திருச்சபையின் பங்கும் இன்றுவரை விமர்சனத்துக்கு உள்ளாகி வருகிறது.

போப்பின் வருகை

கிரேசியஸின் பொதுவாழ்வில் உச்சகட்ட நிகழ்ச்சி, 1964-ஆம் ஆண்டு பம்பாயில் நடைபெற்ற 38-ஆவது உலக நற்கருணை மாநாடு. இம்மாநாடு இந்தியாவில் நடைபெற்றது அதுவே முதன்முறை. நவம்பர் 28 முதல் டிசம்பர் 6 வரை நீடித்த மாநாட்டின் முக்கிய நிகழ்ச்சிகள் ஓவல் மைதானத்தில் நடந்தன. மாநாட்டில் தாமே நேரில் கலந்துகொள்ளப் போவதாகப் போப் ஆறாம் பால் அறிவித்தபோது உலகமே வியந்தது. அதுவரை போப் எவரும் இந்தியாவுக்கு வந்ததில்லை.

அறிவிப்பு வந்தபின் எதிர்ப்புகளும் கிளம்பின. சில இந்து அமைப்புகள் மாநாட்டுக்கு எதிராகக் குரல் எழுப்பின. உணவுத் தட்டுப்பாடு நிலவிய ஆண்டு அது. கோவாவை இழந்த கோபம் தணியாத போர்ச்சுக்கல் அரசோ, போப்பின் இந்தியப் பயணத்தைத் தனக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பாகக் கருதி வெளிப்படையாகவே கண்டித்தது. ஒரு சாரார் மாநாட்டை அந்நிய ஊடுருவல் என்றனர். மறு சாரார் அதே பயணத்தை இந்தியாவுக்குச் சாதகமானது எனக் குறை கூறினர். இவ்விரு எதிர்ப்புகளுக்கும் இடையில் மாநாட்டை அமைதியாக நடத்தி முடிக்கும் பொறுப்பு கிரேசியஸுடையதாக இருந்தது.

டிசம்பர் 2-ஆம் தேதி ஏர் இந்தியா விமானத்தில் பம்பாய் வந்திறங்கிய போப்பைக் குடியரசுத் துணைத் தலைவர் ஜாகிர் உசேனும் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் வரவேற்றனர். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனும் பம்பாய் வந்து அவரைச் சந்தித்தார். வீதிகளில் திரண்ட பல லட்சம் மக்களில் கிறிஸ்தவர் அல்லாதோரே மிகுதி. பல சமயங்களின் பிரதிநிதிகளைச் சந்தித்த போப், அவர்களிடையே பேசும்போது உபநிடத வழிபாட்டு வரிகளை எடுத்தாண்டார். படைக்கலப் போட்டிக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை ஏழை நாடுகளின் துயர் துடைக்க ஒதுக்குமாறு உலக நாடுகளுக்குப் பம்பாயிலிருந்து அவர் விடுத்த வேண்டுகோள் உலகின் கவனத்தை ஈர்த்தது.

பயணத்தின்போது பயன்படுத்திய வெள்ளை நிறக் காரை அன்னை தெரசாவிடம் போப் விட்டுச் சென்றார். அன்னை அதைக் குலுக்கல் பரிசாக வைத்துத் திரட்டிய தொகை, தொழுநோயாளிகளுக்காக அவர் அமைத்த சாந்தி நகர் குடியிருப்புக்குப் பயன்பட்டது.

1966-ஆம் ஆண்டு மத்திய அரசு கிரேசியஸுக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கியது. நாட்டின் இரண்டாவது உயரிய குடிமை விருது அது.

நிறுவனங்களும் மாற்றங்களும்

ஆயர் பேரவையின் தலைவராக அவர் இருந்த காலத்தில் உருவான நிறுவனங்கள் பல இன்றளவும் செயல்படுகின்றன. பேரிடர் நிவாரணத்துக்கும் சமூக மேம்பாட்டுக்குமான காரித்தாஸ் இந்தியா 1962-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பெங்களூரில் புனித ஜான் மருத்துவக் கல்லூரி 1963-ஆம் ஆண்டு உருவானது. மருத்துவ வசதி எட்டாத சிற்றூர்களில் பணியாற்றும் மருத்துவர்களையும் கன்னியர்களையும் உருவாக்குவது அதன் நோக்கங்களுள் ஒன்று.

1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வாடிகன் சங்கத்தில் கிரேசியஸ் கலந்துகொண்டார். வழிபாட்டில் மக்களின் தாய்மொழியைப் பயன்படுத்தவும் உள்ளூர்ப் பண்பாட்டுக்கு இடம் தரவும் அச்சங்கம் வழிவகுத்தது. 1969-ஆம் ஆண்டு மே மாதம் பெங்களூரில் குருக்களும் துறவியரும் பொதுநிலையினரும் ஒன்றுகூடி, இன்றைய இந்தியாவில் திருச்சபையின் கடமை என்ன என்று விவாதித்த அகில இந்தியக் கருத்தரங்கு அவரது தலைமைக் காலத்தின் மற்றொரு முக்கிய நிகழ்வு.

அதே ஆண்டு, தமிழரான பேராயர் டி.எஸ். லூர்துசாமி பொறுப்பு வகித்த வழிபாட்டு ஆணையத்தின் முயற்சியால், கைகூப்பி வணங்குதல், தரையில் அமர்தல், ஆரத்தி எடுத்தல் உள்ளிட்ட 12 இந்திய முறைகளை வழிபாட்டில் கையாள ரோம் ஒப்புதல் அளித்தது. தமிழகத்தின் பல பங்குகளில் இவை இயல்பாக ஏற்கப்பட்டன. மேற்கத்தியப் பழக்கங்களில் ஊறிய பம்பாய்க் கத்தோலிக்கர்கள் சிலரோ இவற்றைக் கடுமையாக எதிர்த்தனர். இந்தியத் தலைமை வந்துவிட்டதனால் மட்டும் திருச்சபை இந்தியமயமாகிவிடாது என்பதை அந்த எதிர்ப்பு உணர்த்தியது. ஆலயத்தில் வழிபடுவோரின் மனமாற்றமும் அதற்குத் தேவைப்பட்டது.

இறுதி நாள்கள்

1970-களின் பிற்பகுதியில் கிரேசியஸின் உடல்நிலை குன்றியது. 1977-ஆம் ஆண்டு சைமன் பிமெண்டா அவருக்கு அடுத்துப் பேராயராகும் உரிமையுடன் நியமிக்கப்பட்டார். 1978-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி போப் ஆறாம் பால் காலமானார். அடுத்த போப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிரேசியஸுக்கு இருந்தது. ஆயினும் நோய்வாய்ப்பட்டிருந்ததால் அவரால் ரோம் செல்ல இயலவில்லை. தாம் பம்பாயில் வரவேற்ற போப்பின் மறைவுக்கு ஐந்து வாரங்களுக்குப் பின், செப்டம்பர் 11-ஆம் தேதி, 77-ஆவது வயதில் அவர் காலமானார். அவரது உடல் புனித நாமப் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

அவருக்குப் பின் பிமெண்டா, இவான் டயஸ், ஆஸ்வால்ட் கிரேசியஸ் என அடுத்தடுத்து பம்பாய் பேராயர்களாக வந்த மூவரும் கர்தினால்களாயினர். மூவரும் இந்தியர்கள். இந்தியர் ஒருவர் பேராயராக வருவதை இன்று எவரும் வியப்பாகப் பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் லிஸ்பனும் லண்டனும் மாறி மாறிப் பங்கிட்டுக்கொண்ட இருக்கை அது என்பதும் பலருக்கு நினைவில்லை. அந்த மாற்றம் பூசலின்றி நிகழக் காரணமானவர்கள் இருவர். ஒருவர் பதவியில் இருந்தவாறே விலகி நின்ற ராபர்ட்ஸ். மற்றவர், அவர் விட்டுச்சென்ற இடத்தில் பெயரளவிலான பட்டம்கூட இல்லாமல் நான்கு ஆண்டுகள் பொறுப்பைச் சுமந்த வலேரியன் கிரேசியஸ்.